சிங்கப்பூரில் ஆள் எடுப்பவர்கள் கேட்டவை

இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி சிங்கப்பூர், மிச்சம் துபாய். பாஸ், லெவி, சி.பி.எஃப் என்றால் என்ன என்று ஆரம்பத்திலிருந்து கேட்டவர்களை இங்கே சேர்க்கவில்லை. அவர்களுக்கு ஒரே வரி: பாஸ் என்பது வெளிநாட்டவருக்கான வேலை அனுமதி, லெவி என்பது வெளிநாட்டு ஆளுக்காக முதலாளி மாதாமாதம் அரசுக்குக் கட்டுவது, சி.பி.எஃப் என்பது முதலாளியும் ஊழியரும் கட்டும் சேமநிதி. சிங்கப்பூர்த் தொகை எல்லாம் அந்த ஊர் வெள்ளியில், ரவுண்டாகச் சொல்கிறேன். அடிக்கடி மாற்றுகிறார்கள், அதனால் விண்ணப்பிக்கும் அன்று மனிதவள அமைச்சின் தளத்தில் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (கோவை): சிறிய ஐ.டி. கம்பெனி நடத்துகிறோம். சிங்கப்பூரில் ஒரு கிளையன்ட் கிடைத்திருக்கிறார். அங்கே கம்பெனி பதிவு செய்யாமலே எங்கள் ஆள் ஒருவருக்கு இ.பி. எடுத்து அனுப்ப முடியுமா?

முடியாது. இ.பி. என்பது எம்ப்ளாய்மென்ட் பாஸ், மேலாளர், நிபுணர் நிலை ஆட்களுக்கானது; அதற்கு விண்ணப்பம் போட அங்கே பதிவான நிறுவனம் ஒன்று வேண்டும். பதிவு பெரிய வித்தை ஒன்றும் இல்லை, ஒரு வெள்ளி மூலதனம் போதும், அங்கேயே வசிக்கும் இயக்குநர் ஒருவர் வேண்டும், 6 மாதத்துக்குள் கம்பெனி செக்ரட்டரி நியமிக்க வேண்டும். 'எங்கள் பெயரில் ஆள் வைத்துக்கொள்ளுங்கள், சம்பளப் பட்டியலை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்று சொல்லும் ஏஜென்சிகள் உண்டு. அங்கே ஏற்கெனவே இருக்கும் சிட்டிசனையோ நிரந்தரவாசியான பி.ஆரையோ எடுக்க அது வசதி. ஊரிலிருந்து ஆள் கூட்டிப்போக அதை நம்பி இறங்காதீர்கள்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. போகிறவர் உங்கள் சார்பில் ஒப்பந்தம் பேசி முடிக்கிறவர் என்றால், உங்கள் கோவை கம்பெனிக்கே அங்கே நிரந்தரத் தொழிலிடம் (வரி கேட்க வழி செய்யும் நிலையான தொழில் இருப்பு) இருக்கிறது என்று அந்த ஊர் வரித்துறை சொல்ல இடம் உண்டு. ஆள் போவதற்கு முன்னால் ஆடிட்டரிடம் இதைப் பேசுங்கள்.

விசிட்டில் போய் கிளையன்டைப் பார்த்து மீட்டிங்கில் உட்காரலாம். அவர் ஆபீஸில் மேஜை போட்டு உட்கார்ந்து கோட் எழுத முடியாது. பாஸ் கையில் வந்த பிறகுதான் வேலை, இதை எத்தனை தடவை எழுதினாலும் அடுத்த வாரம் ஒருவர் கேட்கிறார்.

கேள்வி (சென்னை, கிண்டி): இ.பி.க்கு 5,600 சம்பளம் போதும் என்று நீங்களே எழுதியிருந்தீர்கள். சரியாக 5,600 போட்டோம், நிராகரித்துவிட்டார்கள். ஏன்?

5,600 என்பது கதவுதான், உள்ளே போக வேறு கணக்கு. அதையும் அப்போதே எழுதியிருந்தேன், பாதியில் நிறுத்திவிட்டீர்கள் போல. 2025 ஜனவரியிலிருந்து பொதுவான துறைகளுக்கு 5,600, நிதித் துறைக்கு 6,200, அதுவும் இளைஞர்களுக்கு. வயது ஏற ஏற இது கூடி, நாற்பத்தைந்தைத் தொடும்போது பத்தாயிரத்துக்கு மேலே போய்விடும். உங்கள் ஆளின் வயதை நீங்கள் எழுதவே இல்லை.

அதைத் தாண்டினால் காம்பஸ் என்ற புள்ளிக் கணக்கு, 40 புள்ளி எடுக்க வேண்டும். 25 பேருக்குக் குறைவான மேலாளர், நிபுணர் நிலை ஊழியர்கள் உள்ள சின்ன நிறுவனம் என்றால் ஊழியர்களின் நாட்டுப் பன்முகத்தன்மை, உள்ளூர் ஆள் விகிதம் இரண்டிலும் பத்துப் பத்து, ஆக இருபது சும்மாவே வந்துவிடும். மீதி இருபதைச் சம்பளமும் படிப்பும் கொண்டுவர வேண்டும். சாதாரணப் பட்டம் பத்து தரும். ஆனால் சம்பளத்தில் பத்து வாங்க, உங்கள் துறையில் அதே வயதுள்ள உள்ளூர்க்காரர்கள் வாங்குவதோடு ஒப்பிட்டு மேல் வரிசைக்கு வர வேண்டும், அடிமட்டச் சம்பளம் போட்டால் அங்கே முட்டை. மொத்தம் முப்பதில் நின்றுவிடும். உங்களுக்கு நடந்தது அநேகமாக இதுதான். பட்டத்துக்குப் புள்ளி கேட்டால் சரிபார்ப்புச் சான்றும் வேண்டும், பல்கலைக்கழக மார்க் ஷீட்டின் ஜெராக்ஸ் போதாது.

கேள்வி (மதுரை): சிராங்கூன் ரோட்டில் ஓட்டல் திறக்கிறோம். பரோட்டா மாஸ்டர், தோசை மாஸ்டர் இரண்டு பேரையும் இங்கிருந்தே கொண்டுபோக முடியுமா?

முடியும். முன்னால் சேவைத் துறைக்கு இந்தியாவிலிருந்து வொர்க் பெர்மிட் (இ.பி.க்குக் கீழே உள்ள சாதாரண வேலையாட்களுக்கான பாஸ்) கிடையாது, 2023 செப்டம்பரிலிருந்து இந்திய உணவகச் சமையல்காரர்களுக்குத் திறந்துவிட்டார்கள். மாதம் குறைந்தது 2,000 நிலையான சம்பளம், மொத்த ஆட்களில் 8 சதவிகிதத்துக்கு மேல் இப்படி எடுக்க முடியாது. கல்லாவுக்கும் பரிமாறவும் அவரை நிறுத்தாதீர்கள். சமையல்காரர் என்று வந்தவர் சமையல்தான் செய்ய வேண்டும். அரசுக்கு ஜாமீனாகத் தரும் 5,000 வெள்ளி பாதுகாப்புப் பத்திரம் உங்கள் பொறுப்பு, அதை மாஸ்டரிடம் வசூலிக்கக் கூடாது. லெவியும் அப்படியே.

கேள்வி (கரூர்): எஸ் பாஸில் எத்தனை பேர் எடுக்கலாம்? கோட்டாவுக்காக அங்கே இருக்கும் உறவினர் பெயரில் சி.பி.எஃப் கட்டிக்கொள்ளலாம் என்கிறார்கள்.

எஸ் பாஸ் என்பது இ.பி.க்கு அடுத்த, நடுத்தரத் திறன் ஆட்களுக்கான பாஸ். அதன் கோட்டா, அதாவது எடுக்கக்கூடிய பங்கு, சேவைத் துறையில் மொத்த ஆட்களில் 10 சதவிகிதம், அதாவது ஒரு எஸ் பாஸுக்கு ஒன்பது உள்ளூர் ஆள். உற்பத்தி, கட்டுமானம் என்றால் 15. உள்ளூர் ஆளை சி.பி.எஃப் கணக்கை வைத்துத்தான் எண்ணுகிறார்கள், அதில் வர அவருக்கு மாதம் குறைந்தது 1,600 (2024 ஜூலை நிலவரம், இது ஏறிக்கொண்டே போகும்), அதில் பாதி வாங்குகிறவர் அரை ஆள்.

வேலைக்கே வராத மாமா பெயரில் சி.பி.எஃப் கட்டுவது குற்றம். உங்களுக்குச் சொன்னவர் யார் என்று தெரியவில்லை, அவரிடம் இனி எதையும் கேட்காதீர்கள்.

கேள்வி (திருச்சி): எங்கள் சூப்பர்வைசருக்கு இ.பி. கிடைக்க 6,500 காட்ட வேண்டியிருக்கிறது. எங்களால் 4,000தான் முடியும். பேங்கில் 6,500 போட்டுவிட்டு அவர் 2,500ஐக் கையில் திருப்பித் தருவதாகப் பேசியிருக்கிறோம். அவருக்கும் சம்மதம். எழுதி வாங்கிக்கொண்டால் பிரச்சினை இருக்காதே?

மாதத்துக்கு இரண்டு மூன்று பேராவது இதைக் கேட்டுவிடுகிறார்கள். தொகைதான் மாறும், 'அவருக்கும் சம்மதம்' என்ற வரி மாறாது. இந்த ஒன்றுக்கு மட்டும் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இது இரண்டு தனிக் குற்றங்கள். விண்ணப்பத்தில் பொய்ச் சம்பளம் எழுதுவது ஒன்று, அதற்கு 20,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு வருடம் வரை சிறை, அல்லது இரண்டுமே. வேலை கொடுத்ததற்காக ஊழியரிடம் பணம் வாங்குவது இன்னொன்று, அதற்கு 30,000 வரை, சிறை அதே இரண்டு வருடம். வெளிநாட்டு ஆள் எடுக்கும் உரிமையும் போகும். சம்மதம் என்பதற்குச் சட்டத்தில் இங்கே இடமே இல்லை. சம்மதத்தை எழுதி வாங்குகிறேன் என்கிறீர்களே, குற்றத்துக்கு நீங்களே சாட்சிப் பத்திரம் தயார் பண்ணிக் கையெழுத்தும் போட்டு வைக்கிறீர்கள். அதை எந்த பீரோவில் வைப்பீர்கள்?

யாருக்குத் தெரியப்போகிறது என்பீர்கள். ஒரு நிறுவனத்தின் கோப்பை நான் பார்த்திருக்கிறேன். நான்கு ஊழியர்கள், நான்கு பேரின் ஏ.டி.எம். கார்டும் முதலாளியின் மேஜை டிராயரில், கார்டின் பின்னால் ஸ்கெட்ச் பேனாவில் ரகசிய எண். சம்பளம் ஏறிய மறுநாள் காலை, நான்கு கணக்கிலிருந்தும் ஒரே இயந்திரத்தில், பத்து நிமிடத்துக்குள், ஒரே தொகை. மாதாமாதம். ஸ்டேட்மென்டை வரிசையாக வைத்துப் பார்த்தால் பள்ளிக்கூடப் பையனே கண்டுபிடிப்பான். அங்கே மாட்டிவிட்டது பேங்க் இல்லை, அந்த நான்கு பேரில் ஒருவர். ஊருக்குப் போக லீவு கேட்டிருக்கிறார், கொடுக்கவில்லை, நேராக அமைச்சுக்குப் போய்விட்டார். இன்றைக்குச் சம்மதிக்கிறவர் என்றைக்கும் சம்மதிப்பார் என்று எந்த தைரியத்தில் நினைக்கிறீர்கள்? வேலையை விட்ட பிறகும் அவரால் புகார் கொடுக்க முடியும்.

அந்த 6,500க்கு வருமான வரி கட்டுவது அவர். கையில் பார்த்தது 4,000, வரி 6,500க்கு. அப்புறம் புதுக்கோட்டையிலும் ராமநாதபுரத்திலும் நகையை அடகு வைத்து ஏஜென்டுக்குக் கொடுத்துவிட்டு வந்த குடும்பம் வேறு. லைசன்ஸ் உள்ள சிங்கப்பூர் ஏஜென்சி ஊழியரிடம் வாங்கக்கூடிய கட்டணம் ஒப்பந்தத்தில் வருடத்துக்கு ஒரு மாதச் சம்பளம், அதிகபட்சம் இரண்டு மாதம், அவ்வளவுதான். 'நம்ம பையன், நான்தான் வாழ்வு கொடுத்தேன்' என்று இந்த முதலாளிகள் பேசுவதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். மாதம் 2,500 வெள்ளி வாங்கிக்கொண்டு கொடுத்த வாழ்வு.

உங்களால் 4,000தான் முடியும் என்றால் எஸ் பாஸுக்கு அந்தச் சம்பளம் பொருந்துமா என்று பாருங்கள். 2025 செப்டம்பரிலிருந்து அதன் தொடக்கம் 3,300, இதுவும் வயதோடு ஏறும். லெவி 650, கோட்டா மேலே சொன்னது. கோட்டாவும் இல்லை என்றால் உள்ளூர் சூப்பர்வைசரை எடுங்கள். அதற்கும் வழியில்லை என்றால் அந்த ஊரில் அந்த வேலையை நடத்த உங்கள் கணக்கு இன்னும் கூடவில்லை என்று அர்த்தம். பின்னால் நிஜமாகவே சம்பளத்தைக் குறைக்கும் நிலை வந்தால், அவரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கி, குறைப்பதற்கு முன்னாலேயே அமைச்சுக்குச் சொல்லிச் செய்யுங்கள்.

கேள்வி (ஈரோடு): எங்கள் ஊழியர் பி.ஆர். ஆகிவிட்டார். இனி என்ன?

எந்தத் தேதியில் ஆனார், வயது என்ன, சம்பளம் எவ்வளவு? மூன்றும் இல்லாமல் கடிதம் எழுதினால் ஜோசியம்தான் சொல்ல வேண்டும். 55 வயதுக்கு உட்பட்டவர் என்று வைத்துக்கொள்கிறேன். இனி இருவரும் சி.பி.எஃப் கட்ட வேண்டும். முதல் வருடம் நீங்கள் 4, அவர் 5 சதவிகிதம். இரண்டாம் வருடம் 9, 15. மூன்றாம் வருடம் முதல் முழுசாக 17, 20. மாதச் சம்பளத்தில் 8,000 வரைக்கும்தான் இந்தக் கணக்கு, இது 2026 உச்சவரம்பு. அடுத்த மாதம் 14ஆம் தேதியைத் தாண்டினால் வட்டி. 'சி.பி.எஃப் வேண்டாம், கையில் கொடுங்கள்' என்று அவரே கேட்டாலும் கொடுக்கக் கூடாது. இங்கேயும் சம்மதம் செல்லாது.

கேள்வி (சென்னை): இங்கே டி.டி.எஸ். பிடிப்பதுபோல அங்கேயும் மாதாமாதம் வரி பிடிக்க வேண்டுமா?

வேண்டாம். வருடம் முடிந்ததும் மார்ச் 1க்குள் சம்பள விவரம் கொடுத்தால் போதும், வரியை அவரே கட்டுவார். ஆனால் வெளிநாட்டு ஊழியர் வேலையை விட்டுப் போகிறார் என்றால் கதை வேறு. ஒரு மாதம் முன்னாலேயே வரித்துறைக்கு ஐ.ஆர்.21 என்ற படிவம் போட்டு, அவருக்குத் தர வேண்டிய பணம் அத்தனையையும் நிறுத்திவைத்து, அவர்கள் சொன்ன பிறகே விட வேண்டும். பெரிய மனசு பண்ணி முன்கூட்டியே செட்டில் செய்து வழியனுப்பியவர்கள் அவருடைய வரியைத் தாங்களே கட்டியிருக்கிறார்கள்.

கேள்வி (திருப்பூர்): ஆறு மாதம் கூட ஆகாத ஊழியர் வேலையை விட்டு நிற்கப்போகிறேன் என்கிறார். நோட்டீஸ் எவ்வளவு? சான்றிதழ் ஒரிஜினல் எங்களிடம் இருக்கிறது.

ஒப்பந்தத்தில் உள்ளது எதுவோ அது. ஒப்பந்தத்தில் எழுதவே இல்லை என்றால் சட்டப்படி 26 வாரத்துக்குள் ஒரு நாள், இரண்டு வருடத்துக்குள் ஒரு வாரம், ஐந்து வருடத்துக்குள் இரண்டு வாரம், அதற்கு மேல் நான்கு. ஆக, உங்களுக்கு ஒரு நாள். வேலையின் முக்கிய விவரங்களை, ஆள் சேர்ந்த 14 நாளுக்குள் எழுத்தில் கொடுத்தே ஆக வேண்டும் என்பதைச் செய்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. ஒரிஜினலை இன்றைக்கே திருப்பிக் கொடுங்கள். நம்ம ஊர் பழக்கத்தை அங்கே கொண்டுபோகாதீர்கள், பாஸ்போர்ட் என்றால் இன்னும் மோசம்.

கேள்வி (நாமக்கல்): 'ஆண்கள் மட்டும், தமிழ் பேசுபவர்' என்று விளம்பரம் கொடுக்கலாமா?

'ஆண்கள் மட்டும்' கூடாது. தமிழ் என்பது வேலைக்கே தேவை என்றால் ஏன் தேவை என்று அதே விளம்பரத்தில் எழுதுங்கள்.

கேள்வி (துபாயிலிருந்து): புதிதாகச் சேர்த்தவர் சரியில்லை. புரொபேஷனில்தான் இருக்கிறார், நாளைக்கே நிறுத்தலாமா? அவர் விசாவுக்கு நாங்கள் செலவழித்ததைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளலாமா?

முதலாவதற்கு, 14 நாள் எழுத்து நோட்டீஸ். இரண்டாவதற்கு, கூடாது. ஆள் எடுக்கும் செலவு முதலாளியுடையது, 2022 பிப்ரவரியில் அமலுக்கு வந்த தொழிலாளர் சட்டத்திலேயே இருக்கிறது. அடுத்த ஆளை 'முதலில் விசிட்டில் வந்து வேலை பார்க்கட்டும்' என்று அழைக்கும் யோசனையில் இருப்பதாகக் கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். பெர்மிட் இல்லாமல் வேலை வாங்கினால் 2024 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் ஒரு லட்சம் திர்ஹத்தில் தொடங்கிப் பத்து லட்சம் வரை. பாஸ் ஆகட்டும் பெர்மிட் ஆகட்டும், கையில் வந்த பிறகுதான் வேலை.

கேள்வி (துபாய், இன்னொருவர்): கிராஜுவிட்டி மொத்தச் சம்பளத்திலா?

பேசிக்கில். வருடத்துக்கு 21 நாள், ஐந்து வருடம் தாண்டிய பிறகு 30 நாள். ஒரு வருடம் முடிக்காதவருக்குக் கிடையாது.

கேள்வி (கோவை): எங்கள் இ.பி. ஊழியரின் மனைவி டிபென்டன்ட் பாஸில் இருக்கிறார், பி.காம். படித்தவர். தினம் அரை நாள் எங்கள் கணக்கைப் பார்க்கட்டுமே?

அவருக்கென்று தனி வேலை பாஸ் எடுங்கள். வெறும் ஒப்புதல் கடிதத்தில் வேலை செய்வது 2021 மே மாதத்தோடு போயிற்று. சம்பளம் இல்லாமல் சும்மா உதவி என்றும் ஆரம்பிக்காதீர்கள்.

கேள்வி (தஞ்சாவூர்): சம்பளத்தில் சிண்டா என்று ஒன்று பிடிக்கச் சொல்கிறார்கள். ஊழியருக்கு விருப்பம் இல்லை, விட்டுவிடலாமா?

நீங்களாக விட முடியாது. சிண்டா என்பது சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம், அதற்கான நிதிதான் இது. சிட்டிசன், பி.ஆர்., இ.பி. வைத்திருக்கும் இந்திய வம்சாவளியினர் எல்லோருக்கும் பிடித்தம் உண்டு, சம்பளத்தைப் பொறுத்து மாதம் 1 வெள்ளியிலிருந்து 30 வரை. வேண்டாம் என்றால் அவரே விலகல் படிவம் கொடுக்க வேண்டும். அது முடிகிற வரை சி.பி.எஃப் போர்டு வழியாகக் கட்டிக்கொண்டிருங்கள்.