அப்பாவின் தேனீப் புத்தகங்கள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணன்,

எங்கள் ஊர் குலசேகரம் பக்கம். அப்பா போன ஆவணியில் தவறிவிட்டார். அவர் வளர்த்த 11 தேனீப் பெட்டிகளும் ஒரு தகரப் பெட்டி நிறைய ஆங்கிலப் புத்தகங்களும் இப்போது என் பொறுப்பில். புத்தகங்களில் பெரியது 'ஏபிசி அண்ட் எக்ஸ்ஒய்இசட் ஆஃப் பீ கல்ச்சர்', 1940களின் பதிப்பு, முதுகு கிழிந்து நூல் தொங்குகிறது. பழைய புத்தகக் கடைக்காரர் ஒருவர் அதற்கு 400 ரூபாய் தருகிறேன் என்கிறார். என் வீட்டுக்காரர் புதிதாக ஒரு அமெரிக்கப் புத்தகம் வாங்கித் தந்தார், வழவழ தாள், வண்ணப் படம், ஆனால் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் வரோவா உண்ணிதான். எங்கள் பெட்டிகளில் அது பெரிய தொந்தரவாக இருந்ததே இல்லை. எதை நம்புவது, எதை விற்பது? அப்புறம் ஒரு சின்ன சந்தேகம். பழைய புத்தகத்தில் 'சாக்புரூட்' என்ற நோயைப் பற்றிய பத்திக்கு எதிரே அப்பா பென்சிலால் 'பொய்' என்று எழுதி இரண்டு கோடு போட்டிருக்கிறார். மற்ற இடங்களில் எல்லாம் தேதியும் பூ பெயரும் மட்டும்தான் எழுதுவார். இது மட்டும் ஏன் என்று புரியவில்லை.

ம., குலசேகரம்

அன்புள்ள ம.,

அந்தப் 'பொய்'யில் இருந்தே தொடங்குகிறேன். அதே கோபம் எங்கள் வீட்டிலும் இருந்தது.

1991-92இல் கேரளத்திலும் நம் குமரி மாவட்டத்திலும் அடுக்குத் தேனீக்கள், அதாவது நாம் பெட்டியில் வளர்க்கும் நாட்டுத் தேனீக்கள், கொத்துக் கொத்தாகச் செத்தன. தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய், 1976இல் தாய்லாந்தில் முதலில் கண்டது, அதனால் அந்தப் பெயர். எங்கள் மாமாவுக்கு அப்போது 20 பெட்டிக்கு மேல் இருந்தது. அவர் பெட்டிக்குள் அடை தொங்கும் மரச்சட்டம் ஒன்றை எடுத்து வெயிலுக்கு நேராகப் பிடித்து, முள்ளால் ஒரு புழுவைத் தூக்கிக் காட்டியது இன்னும் கண்ணில் நிற்கிறது. தலையை மேலே தூக்கியபடி, தோணி மாதிரி வளைந்து, தோலுக்குள் தண்ணீர் கட்டி, ஒரு குட்டிப் பை போல முள்ளில் தொங்கியது. நாற்றம்கூடப் பெரிதாக இல்லை. மாமாவிடமும் ஒரு அமெரிக்கப் புத்தகம் இருந்தது, படத்தைப் பார்த்து நோயின் பெயரைச் சரியாகவே கண்டுபிடித்துவிட்டார். ஆனால் அதற்குக் கீழே போட்டிருந்ததன் சாரம், இது சாதாரண நோய், பயப்பட வேண்டாம், நல்ல மகசூல் காலம் வந்தால் தானாகவே போய்விடும், மிஞ்சிப்போனால் ராணியை மாற்று என்பதுதான். அந்த வருஷம் முடிவதற்குள் எங்கள் கொட்டிலில் காலிப் பெட்டிகள்தான் மிஞ்சின.

உங்கள் அப்பா எழுதியது இதைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் புத்தகம் பொய் சொல்லவில்லை, அதுதான் இதில் வேடிக்கை. அமெரிக்காவில் ஜி.எஃப். வைட் 1913இல் அந்த நோய்க்குப் பெயர் வைத்தார், அங்கே வளர்க்கும் ஐரோப்பியத் தேனீக்கு (நம் ஊரில் இத்தாலியத் தேனீ என்பார்கள்) அது நிஜமாகவே சின்ன நோய். வைரஸ்களும் நெருங்கிய சொந்தம்தான், ஒரே வீட்டுப் பிள்ளைகள் மாதிரி. தேனீதான் வேறு. அமெரிக்கப் புத்தகத்தில் 'தேனீ' என்று வரும் இடத்தில் எல்லாம் 'இத்தாலியத் தேனீ' என்று நீங்களாகவே மாற்றிப் படித்துக்கொள்ள வேண்டும். பழையது புதியது என்று பார்ப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

நான் இதை என் காசைப் போட்டுக் கற்றேன். 25 வயதில், லாங்ஸ்ட்ராத் என்ற அமெரிக்கர் உருவாக்கிய பெட்டியின் அளவைப் புத்தகத்தில் இருந்து எழுதிக்கொண்டுபோய், ஆசாரியிடம் கொடுத்து, அயினி மரத்தில் இரண்டு பெட்டி அடித்தேன். அழகான பெட்டி. நம் ஊர்க் கூட்டத்தைக் குடியேற்றினால் அது ஒரு மூலையில் நாலைந்து அடை கட்டிக்கொண்டு, பெரிய கல்யாண மண்டபத்தில் ஓரமாக உட்கார்ந்திருக்கும் ஏழை உறவினர் மாதிரி இருந்தது. காலியாகக் கிடந்த பக்கத்தை மெழுகு அந்துப்பூச்சி பிடித்துக்கொண்டது. புத்தகம் வாரம் ஒரு தடவை திறந்து பார் என்றது, நானும் திறந்தேன், மூன்றாம் மாதம் கூட்டம் பெட்டியை விட்டே கிளம்பிவிட்டது. நம் தேனீக்குக் கோபம் வந்தால் கொட்டுவதைவிடக் கிளம்பிப் போவதுதான் வழக்கம். சட்டங்களைத் தேனீக்கள் பிசின் வைத்து ஒட்டிவிடும், நெம்பி எடுக்க இரும்புக் கருவி வேண்டும் என்று எல்லா ஆங்கிலப் புத்தகமும் சொல்லும், நானும் ஒன்று வாங்கினேன், இன்றைக்கு அது தேங்காய் உடைக்கப் பயன்படுகிறது. நம் அடுக்குத் தேனீ பிசின் சேர்ப்பதே இல்லை.

நீங்கள் பயன்படுத்துவது நியூட்டன் பெட்டியாகத்தான் இருக்கும். அளந்து பாருங்கள், முட்டையும் புழுவும் வளரும் கீழ் அறையில் 7 சட்டம், ஒவ்வொன்றும் உள்ளளவு ஏறக்குறைய 20.6 செ.மீ.க்கு 14.4 செ.மீ. அதை உருவாக்கிய நியூட்டன் ஒரு பாதிரியார். 1910களில் நம் தேனீயை வைத்துப் பழகி, பெட்டியைச் சிறிதாக்கி, கிராமத்து ஆட்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். 1917இல் ஒரு வேளாண் இதழில் ஒரு கட்டுரையும் எழுதினார், குண்டுப் புத்தகம் எதுவும் இல்லை. தென்னிந்தியாவில் தேனீ வளர்க்கும் ஒருவருக்கு உங்கள் தகரப் பெட்டி மொத்தத்தையும்விட அந்த ஒரு கட்டுரை கூடுதலாக உதவும் என்று நான் கொஞ்சம் மிகைப்படுத்தியே சொல்வேன்.

அப்படியானால் அமெரிக்கப் பழசுகளைத் தூக்கி எறிந்துவிடலாமா என்றால், கூடாது. நியூட்டன் பெட்டியின் பின்னால் லாங்ஸ்ட்ராத் இருக்கிறார். தேனீக்கள் தம் வீட்டுக்குள் ஒரு குறிப்பிட்ட அகல இடைவெளியை மட்டும் நடமாட விட்டுவைக்கும், அதைவிடக் குறுகினால் அடைத்துவிடும், கூடினால் அடை கட்டிவிடும் என்பதை 1851இல் கவனித்து, அதை வைத்து ஒட்டாமல் வெளியே எடுக்கக்கூடிய சட்டம் செய்தார். 1853இல் வந்த அவர் புத்தகத்தைப் படித்தால் ஒரு மனிதர் பெட்டி முன்னால் எத்தனை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்கிறார் என்று தெரியும். நம் தேனீக்கு அந்த இடைவெளி இன்னும் கொஞ்சம் சிறியது, 7 முதல் 9 மில்லிமீட்டர். எண் மாறும், விஷயம் மாறாது.

இன்னும் பின்னால் போனால் ஹூபர். தேனீக்களை ஆராய்ந்த ஜெனீவாக்காரர், கண் தெரியாதவர். அவர் கேள்வி கேட்பார், வேலையாள் பர்னென்ஸ் பெட்டியைத் திறந்து பார்த்துச் சொல்வார். ராணியைத் தவிர வேறு தேனீ முட்டை இடுமா என்று அறிய, பர்னென்ஸ் இரண்டு கூடுகளில் இருந்த தேனீக்களை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்தார், 11 நாள் ஆனதாம். கையுறை இல்லாமல் செய்திருப்பார் என்று நான் நினைத்துக்கொள்வேன், அது என் கற்பனை. ராணி கூட்டுக்கு வெளியே பறந்துபோய் இணை சேர்கிறாள் என்பதும், மெழுகு தேனீயின் உடம்பிலேயே ஊறுகிறது என்பதும் அவர்கள் இருவர் உழைப்பில் உறுதிப்பட்டவை. ஹூபர் புத்தகத்தின் முதல் பதிப்பு 1792. இன்றைக்கும் திருத்த வேண்டியது அதில் குறைவு. ராணி வளர்ப்பிலும் அப்படித்தான், மெழுகுக் கிண்ணத்தில் இளம் புழுவை மாற்றி வைக்கும் முறையை டூலிட்டில் என்ற அமெரிக்கத் தேனீ வளர்ப்பாளர் 1889இல் விரிவாக எழுதினார், பயிற்சி வகுப்புகளில் இன்றும் கிட்டத்தட்ட அதைத்தான் சொல்லித் தருகிறார்கள்.

இதைப் புதிய புத்தகங்களோடு வைத்துப் பாருங்கள். வரோவா உண்ணி தேனீயின் ரத்தத்தை உறிஞ்சுகிறது என்று பல பத்தாண்டுகளாக எல்லாரும் எழுதினார்கள். 2019இல் வந்த ஓர் ஆய்வு, வளர்ந்த தேனீயில் அது முக்கியமாகத் தின்பது ரத்தத்தை அல்ல, உடம்பின் கொழுப்புத் திசுவை என்று காட்டியது. அதற்கு முன் வந்த வழவழ தாள் புத்தகம் அந்த இடத்தில் பழசாகிவிட்டது, ஹூபர் ஆகவில்லை. நோய், மருந்து பற்றிய பக்கங்கள் மீன் மாதிரி, சீக்கிரம் கெட்டுப்போகும்.

உங்கள் புதுப் புத்தகம் ஏன் வரோவாவையே கட்டிக்கொண்டு அழுகிறது என்பதற்கும் காரணம் இருக்கிறது. அந்த உண்ணியின் பூர்வீக வீடு நம் தேனீதான். இரண்டும் காலங்காலமாகச் சேர்ந்து வாழ்ந்ததால், நம் தேனீ அதைத் தட்டிவிடவும் கடித்துப் போடவும் பழகியிருக்கிறது, உண்ணியும் பெரும்பாலும் ஆண் தேனீப் புழு வளரும் அடைக் கண்ணறைகளில்தான் பெருகும். அது ஐரோப்பியத் தேனீக்குத் தாவியபோது அந்தத் தேனீக்குத் தற்காப்பு தெரியவில்லை. 1987இல் அமெரிக்காவுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு அங்கே தேனீப் புத்தகமே அதைச் சுற்றித்தான் எழுதப்படுகிறது. நீங்கள் நாளைக்கு இத்தாலியத் தேனீ வாங்கினால் அந்த அத்தியாயத்தை வரி விடாமல் படியுங்கள். இப்போதைக்குப் புரட்டிவிட்டுப் போகலாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். 1940களின் நடுவில் இருந்து ஒரு முப்பது நாற்பது வருஷப் புத்தகங்கள் புழு நோய்க்கு சல்ஃபா மருந்தையும், பிறகு டெட்ராசைக்ளின் வகை ஆன்டிபயாடிக்கையும் சீனிப் பாகில் கலந்து கொடு என்று தாராளமாகச் சொல்லும். அன்றைக்கு அது அதிசய மருந்து. எங்கள் மாமாவும் 1992இல் கேப்சூலைப் பிரித்துக் கொட்டிப் பார்த்தார். வைரஸுக்கு அது என்ன செய்யும், ஒன்றும் செய்யாது. அந்த மருந்து தேனில் தங்கும், இன்றைக்கு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அதற்கு வரம்பு இருக்கிறது, பரிசோதனையில் மாட்டினால் உங்கள் தேனை யாரும் தொட மாட்டார்கள். அப்பாவின் புத்தகங்களில் அந்த மாதிரிப் பக்கம் வந்தால் ஒரு கோடு போட்டு வையுங்கள். தாய் சாக்புரூட்டுக்கு இன்றும் மருந்து கிடையாது. ராணியைக் கொஞ்ச நாள் கூண்டில் வைத்து முட்டை இடுவதை நிறுத்திப் பார்க்கலாம், தப்பிப் பிழைத்த கூட்டங்களில் இருந்து மட்டும் பெருக்கலாம். நம் மாவட்டத்தில் பெட்டிகள் திரும்ப நிறைந்தது அந்தப் பிழைத்த கூட்டங்களால்தான்.

சரி, 400 ரூபாய்க்கு வருவோம். அந்த 'ஏபிசி' புத்தகத்தைத் தொடங்கியவர் ஏ.ஐ. ரூட், ஒஹையோ மாநிலத்தில் மெடினா என்ற ஊர்க்காரர். 1870களின் கடைசியில் அகராதி மாதிரி அகர வரிசையில் ஆரம்பித்தது, பதிப்புக்குப் பதிப்பு மாற்றி மாற்றி இந்த நூற்றாண்டு வரை வந்துவிட்டது. (இந்த ரூட் பெரிய ஆர்வக்கோளாறு. ரைட் சகோதரர்களின் விமானம் வட்டமடித்துப் பறந்ததை 1904இல் நேரில் பார்த்து, 1905 ஜனவரியில் தன் தேனீப் பத்திரிகையிலேயே எழுதினார். பெரிய பத்திரிகைகள் அப்போது அதைக் கண்டுகொள்ளவில்லை.) புதுப் பதிப்பு வரும்போது பழைய தலைப்புகளில் சில சுருங்கும், சில காணாமலே போகும், அதனால்தான் சேகரிப்பவர்கள் பழைய பதிப்புகளைத் தேடுகிறார்கள். படிப்பதற்கு மட்டும் என்றால் காசு செலவழிக்க வேண்டாம், கார்னெல் பல்கலைக்கழகம் அந்தக் காலத்துத் தேனீ நூல்கள் பலவற்றை இணையத்தில் இலவசமாகவே போட்டிருக்கிறது, லாங்ஸ்ட்ராத்தும் கிடைப்பார்.

ஆனால் அந்த இணையப் பிரதியில் உங்கள் அப்பாவின் பென்சில் இருக்காது. அமெரிக்கப் புத்தகம் எந்தப் பூ எப்போது என்று பக்கம் பக்கமாகச் சொல்லும், எல்லாம் க்ளோவர், அல்ஃபால்ஃபா என்று அவர்கள் ஊர்த் தீவனப் பயிர்கள். நமக்கு மகசூல் ரப்பரில். அதுவும் பூவில் இருந்து வருவதில்லை, மாசி வாக்கில் தளிர்விடும்போது இலைக்காம்பு நுனியில் ஊறும் தேன். எந்த வாரம் தளிர்த்தது, எந்த வருஷம் மழை கெடுத்தது, எப்போது சீனிப் பாகு கொடுக்க ஆரம்பித்தார் என்பதெல்லாம் அந்த ஓரக் குறிப்புகளில் இருக்கும் என்று நினைக்கிறேன். உங்கள் 11 பெட்டிகளும் நிற்கிற அதே நிலத்தைப் பற்றி வேறு யாரும் எழுதப் போவதில்லை. கடைக்காரரிடம் இல்லை என்று சொல்லிவிடுங்கள். குறிப்புகளைத் தேதி வாரியாக ஒரு நோட்டில் எடுத்தெழுதுங்கள், பென்சில் எழுத்து மங்கிக்கொண்டே போகும். முதுகைப் பைண்டிங் செய்யக் கொடுத்தால் ஓரத்தை வெட்ட வேண்டாம் என்று இரண்டு தடவை சொல்லுங்கள். அவர்கள் கை வெட்டத்தான் போகும்.

'பொய்' எழுதின இடத்தில் தேதி ஏதும் இருக்கிறதா என்று பார்த்து எழுதுங்கள். 1992 என்றிருந்தால் நான் சொன்னது சரி.