ஏரியில் மண்டிய சம்பை அடியோடு வழித்துவிடலாமா?

கேள்வி: எங்கள் ஊர் ஏரியில் சம்பு (கோரை மாதிரி உயரமாக வளரும் நீர்ச்செடி) மண்டிக் கிடக்கிறது. அதனால் ஏதாவது பயன் உண்டா, இல்லை பொக்லைன் வைத்து வழித்துவிடலாமா?

பொக்லைன் வேண்டாம், அரிவாள் போதும். எங்கள் பக்கத்து ஏரியில் ஒரு கோடையில் இயந்திரம் விட்டு வழித்தார்கள். அடுத்த மழை முடிந்ததும் முன்பைவிட அடர்த்தியாக வந்து நின்றது. வராமல் என்ன செய்யும்? சேற்றில் அறுபட்ட கிழங்குத் துண்டு ஒவ்வொன்றும் முளைக்கும். குச்சி ஐஸ் மாதிரி நிற்கும் அந்தப் பழுப்புக் கதிரைக் கட்டைவிரலால் தேய்த்துப் பாருங்கள், பொசுக்கென்று பிரிந்து கை நிறையப் பஞ்சாகும். ஒரு கதிரில் லட்சக்கணக்கில் விதை. அவை முளைக்கத் தேவை வெறும் ஈரச் சேறு. அதைத்தான் பொக்லைன் தயார் செய்து கொடுக்கிறது.

ஓர் இலையை அடிப்பக்கம் குறுக்கே வெட்டினால் உள்ளே வரிசையாகக் காற்றறைகள் தெரியும். சேற்றுக்குள் இருக்கும் கிழங்குக்கு மூச்சு அந்த வழியாகத்தான் இறங்குகிறது. காய்ந்து நிற்கும் பழைய தட்டைகூடக் குழாய் வேலை செய்யும். அதனால் மழைக்காலத்துக்குச் சற்று முன்பு, பச்சை, காய்ந்தது என்று பார்க்காமல் தரையை ஒட்டி அறுத்துவிடுங்கள். ஏறி வரும் தண்ணீர் வெட்டுவாயை மூழ்கடித்து அப்படியே நின்றால் கிழங்கு மூச்சுமுட்டி அழுகிவிடும்.

சாக்கடை கலந்து, வருடம் முழுக்க ஆழமில்லாத, உப்பில்லாத தண்ணீர் நின்றால் சம்புக்குக் கொண்டாட்டம். மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் ஆற்றில் 1986-இல் டியாமா அணை வந்து கடல்நீர் ஏறுவது நின்றதும், கரையெல்லாம் சம்புக் காடாகிவிட்டது. இப்போது அங்கே அதை அறுத்து அடுப்புக்கரி செய்கிறார்கள்.

பயன் என்று கேட்டால், முதல் பயன் உங்கள் ஏரிக்குத்தான். வேரிலிருந்து கசியும் ஆக்சிஜனை நம்பி வாழும் பாக்டீரியா சாக்கடை அழுக்கைச் சிதைக்கும். ஹைதராபாத் நெக்னாம்பூர் ஏரியில் 2018-இல் மிதக்கவிட்ட செடித் தெப்பத்தில் வெட்டிவேரோடு சம்பும் உண்டு. ஆனால் செடி உறிஞ்சிய சத்து, செடி அங்கேயே மட்கினால் திரும்பத் தண்ணீருக்குத்தான் போகும். அறுத்ததைக் கரையில் குவித்து வைத்துவிட்டுப் போட்டோ எடுத்துக்கொள்வதில் பிரயோஜனம் இல்லை.

மற்றபடி இலையில் பாய் முடையலாம், தட்டி கட்டலாம். இரண்டாம் உலகப் போரில் ஜாவாவிலிருந்து இலவம் பஞ்சு வருவது நின்றபோது, அமெரிக்காவில் உயிர்காப்பு அங்கிக்குள் சம்புப் பஞ்சை அடைத்தார்கள். தெற்கு ஈராக்கின் சதுப்பு நிலத்தவர்கள் மகரந்தத்தைச் சர்க்கரையோடு ஆவியில் வேகவைத்து மஞ்சளாக ஓர் இனிப்பு செய்வார்கள். கிழங்கிலும் மாவுச்சத்து உண்டு. ஆனால் ஈயம், காட்மியம் எல்லாம் வேரில்தான் சேரும். சாக்கடை வரும் ஏரியில் இந்தச் சமையல் ஆசையே வேண்டாம்.

அப்புறம், மொத்தத்தையும் அறுக்காதீர்கள். நீலத் தாழைக்கோழி கூடு வைப்பதும் குருத்தைத் தின்பதும் இதில்தான். சாக்கடை நுழையும் வாய்க்கால் முகத்தில் ஒரு பெரிய திட்டை விட்டுவிட்டு, மதகுப் பக்கமிருந்து அறுக்கத் தொடங்குங்கள்.