பாதி வேலையில் பிராஞ்ச் மாறவேண்டி வந்தால் என்ன செய்வது?

கிட்டில் (கோட் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் மென்பொருள்) வேலை செய்கிறீர்கள்; கோட் பாதியில் நிற்கிறது, கமிட் செய்யும் (மாற்றங்களைப் பதிவு செய்யும்) நிலையில் இல்லை, அழிக்கவும் மனமில்லை. புரொடக்‌ஷனில் ஏதோ உடைந்து உடனே மெயின் பிராஞ்சுக்கு (கோடின் முதன்மைக் கிளைக்கு) மாறவேண்டும், என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். சென்னை ஓஎம்ஆரில் ஐடி வேலை பார்க்கிற எல்லோருக்கும் அடிக்கடி வரும் சிக்கல்தான். கமிட் செய்யாத மாற்றங்களைத் தற்காலிகமாக ஒதுக்கிவைக்கும் 'கிட் ஸ்டாஷ்' கட்டளை இதற்காகவே இருக்கிறது.

வெறும் 'கிட் ஸ்டாஷ்' அடித்தாலும் வேலை நடக்கும். ஆனால் எங்கள் டீமில் புதிதாகச் சேரும் பசங்களிடம் நான் முதலில் சொல்வது: 'கிட் ஸ்டாஷ் புஷ் மைனஸ் யூ மைனஸ் எம்' என்று அடித்து, ஒரு பெயரும் கொடுங்கள். "பேமென்ட் ரீட்ரை, வேலிடேஷன் பாக்கி" என்பதுபோல. இல்லையென்றால் கிட் தானாக பிராஞ்ச் பெயரையும் கடைசி கமிட்டின் தலைப்பையும்தான் போட்டுவைக்கும். அடுத்த வாரம் ஸ்டாஷ் லிஸ்ட்டைப் பார்த்தால் எது எதுவென்றே புரியாது. மைனஸ் யூ எதற்கு என்றால், அது இல்லாவிட்டால் இன்னும் கிட் ஆட் செய்யாத புது ஃபைல்களை ஸ்டாஷ் தொடாது. அவை அங்கேயே கிடந்து, கவனிக்காமல் ஹாட்ஃபிக்ஸ் (அவசரத் திருத்த) கமிட்டில் ஏறிவிடும்.

ஒதுக்கிவைத்ததைத் திரும்ப எடுக்க 'கிட் ஸ்டாஷ் பாப்'. கான்ஃப்ளிக்ட் (ஒரே இடத்தில் இரண்டு மாற்றங்கள் மோதுவது) வந்தாலும் பயப்படாதீர்கள், ஸ்டாஷ் அழியாது. சரிசெய்துவிட்டு நீங்களே 'கிட் ஸ்டாஷ் ட்ராப்' கொடுத்து அதை நீக்கவேண்டும். உங்கள் பிராஞ்ச் அதற்குள் ரொம்ப மாறியிருந்தால் 'கிட் ஸ்டாஷ் பிராஞ்ச்' நல்லது: ஸ்டாஷ் போட்ட அதே கமிட்டிலிருந்து புது பிராஞ்ச் எடுத்து, மாற்றங்களை அங்கே போட்டுத்தரும்.

ஒன்றை மட்டும் மறக்கவேண்டாம். ஸ்டாஷ் உங்கள் மெஷினிலேயே இருக்கும், சர்வருக்குப் போகாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் வேளச்சேரி, பள்ளிக்கரணை எல்லாம் தண்ணீரில் நின்றபோது, ஆபீஸ் டெஸ்க்டாப்பில் ஸ்டாஷ் போட்டுவிட்டு வீட்டுக்குப் போன எங்கள் டீம் பெண்ணுக்கு, லேப்டாப்பில் எத்தனை தடவை ஃபெட்ச் செய்தும் (சர்வரிலிருந்து இழுத்தும்) அது கிடைக்கவில்லை. வெள்ளம் வடிந்து ஆபீஸ் திறக்கும்வரை அந்த வேலை அப்படியே நின்றது. அதனால் சாயங்காலத்துக்குள் திரும்ப எடுக்கமாட்டீர்கள் என்றால் ஸ்டாஷே வேண்டாம். தனி பிராஞ்ச் எடுத்து, அரைகுறையாக இருந்தாலும் கமிட் செய்து சர்வருக்குப் புஷ் செய்துவிடுங்கள். பிறகு ரீபேஸ் கட்டளையால் அந்த அரைகுறை கமிட்டுகளை ஒன்றாக்கிக்கொள்ளலாம்.

தெரியாமல் ட்ராப் செய்துவிட்டால் டெர்மினலை மூடாதீர்கள். ட்ராப் ஆனதும் அடைப்புக்குறிக்குள் ஒரு நீண்ட ஹாஷ் (அந்த ஸ்டாஷின் அடையாளக் குறியீடு) காட்டியிருக்கும். அதை காப்பி செய்து 'கிட் ஸ்டாஷ் அப்ளை'யோடு கொடுத்தால் மாற்றங்கள் திரும்ப வந்துவிடும்.