பழச்சாறு ஈரல் புற்றுநோயைத் தீர்க்குமா? கேள்வி பதில்

மருந்தியல் ஆய்வகத்தில் காய், பழச் சாறுகளைச் சோதிப்பதுதான் என் வேலை. மியான்மரின் யாங்கோன், பெகு, மோல்மீனிலிருந்து வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

யாங்கோன் மாணவி: அக்கா, நெல்லிச் சாறு ஈரல் புற்றுநோய் செல்களைக் கொன்றதாகப் படித்தேன். நிஜமா?

நிஜம்தான் தங்கச்சி. ஆனால் எங்கே கொன்றது என்று பார்க்கணும். காயை உலர்த்திப் பொடித்து எத்தனாலில் ஊறவைப்போம். வடிகட்டி எத்தனாலை ஆவியாக்கினால் குடுவையின் அடியில் பிசுபிசுவென்று கொஞ்சம் மிஞ்சும். அதைக் கரைத்து, 96 குழிகள் உள்ள பிளாஸ்டிக் தட்டில் வளரும் ஹெப்-ஜி2 செல்கள் மேல் விடுவோம். இவை 15 வயதுப் பையன் ஒருவனின் ஈரல் கட்டியிலிருந்து எடுத்து வளர்த்த செல் வகை. ஒன்றிரண்டு நாள் கழித்து எம்டிடி என்ற மஞ்சள் சாயம் சேர்ப்போம். உயிருள்ள செல் அதை ஊதாவாக்கும், செத்த குழி மஞ்சளாகவே நிற்கும். செல்களின் எண்ணிக்கை பாதியாகக் குறைய எவ்வளவு சாறு தேவை என்பதுதான் ஐசி50.

அந்த எண் மட்டும் போதாது. நல்ல செல்லையும் அதே அளவில் கொன்றால் அது வெறும் விஷம். அப்புறம், தட்டில் சாறு செல்லை நேராகத் தொடுகிறது. நாம் குடித்தால் நெல்லிக்குத் துவர்ப்பு தரும் டானின்கள் பெரும்பாலும் குடலிலேயே உடைந்துபோகும். எலிச் சோதனை, மனிதச் சோதனை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

அதே மாணவி: அப்போது இந்த ஆராய்ச்சியே வீணா?

இல்லவே இல்லை. நம் வாசலில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்துதான் வின்கிறிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து வந்தது. யூ என்ற ஊசியிலை மரத்தின் பட்டையிலிருந்து வந்த இன்னொரு புற்றுநோய் மருந்தான டாக்ஸாலுக்கு அமெரிக்காவில் 1992இல் அனுமதி கிடைத்தது. இரண்டும் பிரித்தெடுத்த ஒற்றை மூலக்கூறுகள், அளந்து ஊசியில் ஏற்றுபவை. யாரும் கஷாயமாகக் குடிப்பதில்லை.

பெகு அம்மா: வீட்டுக்காரருக்கு ஈரலில் கட்டி. மாத்திரையோடு நோனிச் சாறும் கொடுக்கச் சொல்கிறார்கள். கொடுக்கலாமா?

வேண்டாம் அம்மா. நோனி நம் யேயோ மரத்தின் பழம்தான். மீனைப் பொதிந்து வேகவைக்க அதன் இலையைக் கொஞ்சம் சேர்ப்பது வேறு, பாட்டில் பாட்டிலாகப் பழச்சாறு குடிப்பது வேறு. நோனிச் சாறு குடித்தவர்களுக்கு ஈரல் அழற்சி வந்ததாக 2005இல் ஆஸ்திரியாவிலிருந்து மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். ஏற்கெனவே நொந்த ஈரலுக்கு இந்தச் சோதனை வேண்டாம். கொடுத்துக்கொண்டிருந்தால் மறைக்காதீர்கள், பாட்டிலையே டாக்டரிடம் காட்டுங்கள்.

மோல்மீன் கடைக்காரர்: வராமல் தடுக்க எந்தப் பழம் சாப்பிடணும்?

பழத்தை விடுங்கள் அண்ணே. நம் பக்கம் இந்த நோய்க்குப் பெரிய காரணம் ஈரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி வைரஸ் கிருமி. பிள்ளை பிறந்த 24 மணி நேரத்துக்குள் தடுப்பூசி போடணும். பெரியவர்கள் ஒருமுறை ரத்தச் சோதனை செய்துகொள்ளுங்கள். கிருமி இருப்பது தெரிந்தால், ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஈரல் ஸ்கேன் தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள். கடையில் பூஞ்சை பிடித்த நிலக்கடலையை விற்காதீர்கள், எண்ணெய் ஆட்டவும் அனுப்பாதீர்கள். அதில் உண்டாகும் அஃப்ளடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு வறுத்தாலும் முழுதாகப் போகாது. ஹெபடைட்டிஸ் பி உள்ளவருக்கு அது இன்னும் பல மடங்கு ஆபத்து.