ஷெட்யூலில் வராத கடன்

அன்புள்ள ஐயா,

காவேரிப்பட்டணத்துக்காரன், ஓசூரில் வேலை. மொபைல் ஆப் வழியாக டிஸ்னி பங்கு கொஞ்சம் வாங்கி வைத்திருக்கிறேன். காம்காஸ்ட் என்ற அமெரிக்கக் கம்பெனி தன் கேபிள் சேனல்களை ‘வெர்சன்ட்’ என்று தனிக் கம்பெனியாகப் பிரித்துவிட்டது. வார்னர் பிரதர்ஸ் டிஸ்கவரியும் பிரிக்கப்போவதாக அறிவித்தது. டிஸ்னி மட்டும் ஏபிசி முதலான சேனல்களை ஏன் இன்னும் கட்டிக்கொண்டு அழுகிறது? டிவி செத்துப்போன தொழில். எங்கள் வீட்டில் அம்மா ஒருவர்தான் பார்க்கிறார். பிரித்துவிட்டால் நல்லதுதானே? பங்கை வைத்திருக்கலாமா? உங்கள் அடுத்த நாவல் எப்போது?

ச., ஓசூர்

அன்புள்ள ச.,

நாவல் வரும்போது வரும். மற்றதைப் பேசுவோம்.

முதலில் அந்தச் ‘செத்துப்போன தொழில்’. இதை எங்கிருந்து எடுத்தீர்கள்? அமெரிக்காவில் ஓடிடி பார்க்கும் நேரம் சாதாரண டிவி, கேபிள் டிவி இரண்டையும் சேர்த்த நேரத்தை முதன்முறையாகத் தாண்டியதே 2025 மே மாதத்தில்தான். டிவி பார்க்கும் நேரத்தை அளக்கிற நீல்சன் கணக்கில் 44.8 சதவீதத்துக்கு 44.2. இதில் செத்தது எது? டிஸ்னியின் சேனல்கள், விளையாட்டுச் சேனலான இஎஸ்பிஎன்னைச் சேர்க்காமலேயே, 2024 நிதியாண்டில் 300 கோடி டாலருக்கு மேல் லாபம் காட்டின. சுருங்குகிறது என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன். வருடா வருடம் சுருங்குகிறது, வேகமாகவே சுருங்குகிறது. ஆனால் இன்றைக்கும் சம்பாதித்துக் கொடுக்கிற ஒன்றைப் பிணம் என்று சொல்ல உங்கள் வயதில் எப்படி மனசு வருகிறது?

அப்புறம், உங்கள் அம்மா பார்ப்பது விஜய் டிவியாக இருந்தால் அதுவும் சில வருடம் டிஸ்னியின் சேனலாகத்தான் இருந்தது. டிஸ்னி பங்கு வைத்திருக்கிற உங்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா? 2019இல் ஃபாக்ஸை 7,130 கோடி டாலருக்கு வாங்கியபோது ஸ்டார் வந்தது, ஸ்டாரோடு விஜய் வந்தது. 2022இல் ஐபிஎல் ஓடிடி உரிமை கைவிட்டுப் போனது. வாங்கிய ரிலையன்ஸ் தரப்பு அடுத்த வருடமே அதை ஜியோவில் இலவசமாகக் காட்டியது. 2024 நவம்பரில் டிஸ்னி தன் இந்தியக் கடையை அப்படியே ரிலையன்ஸோடு கூட்டுக் கம்பெனியில் போட்டுவிட்டு, 36.84 சதவீதத்தை வைத்துக்கொண்டு ஒதுங்கியது. அப்போதும் சேனலை மட்டும் தனியாகக் கழற்றிவிடவில்லை. ஹாட்ஸ்டாரும் சேர்ந்துதான் போனது. இரண்டையும் பிரித்தால் இரண்டுக்கும் விலை குறையும் என்று யாரோ ஒரு விவரமான ஆள் கணக்குப் போட்டிருக்க வேண்டும்.

உங்கள் கடிதத்துக்கு உடனே பதில் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் வேறு. கொஞ்ச நாளாக எங்கள் வீட்டுப் பாகப்பிரிவினை ஞாபகமாகவே இருக்கிறது.

போச்சம்பள்ளிப் பக்கம் எங்களுக்கு ஒரு மாந்தோப்பு, எல்லாம் பெங்களூரா ரகம். அதை ஒட்டி ரோட்டோரமாக ஒரு மேட்டு நிலம். அதில் போர் போட வேண்டும் என்று சித்தப்பா பிடிவாதம் பிடித்தார். அந்தக் காலத்திலேயே நானூறு அடி. தோப்பு வருமானத்தை எல்லாம் அந்தக் குழியில் கொட்டினார்கள். போதாததற்கு சொசைட்டியில் பெரியப்பா பேரில் கடன். தண்ணீர் வந்தது. இரண்டு வருடத்தில் பாகமும் வந்தது. பத்திரம் எழுதுகிறவர் திண்ணையில் உட்கார்ந்து ஏ ஷெட்யூல், பி ஷெட்யூல் என்று அவரவர் சொத்துப் பட்டியலைச் சத்தமாக வாசித்தார். நான்கெல்லை, மரங்கள், மாமூல் வண்டித்தடம் வரை ஒன்று விடவில்லை. போரும் மோட்டாரும் ரோட்டோர நிலமும் சித்தப்பாவுக்கு. வயசான தோப்பும் ஓட்டு வீடும் பெரியப்பாவுக்கு. அப்பாவுக்குக் கீழ்க்காடு. கடன் எந்த ஷெட்யூலிலும் வரவில்லை. யார் பேரில் இருக்கிறதோ அவர் கட்ட வேண்டியதுதானே என்று ஒருவர் சொன்னார், எல்லோரும் தலையாட்டினார்கள். பெரியப்பா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கையெழுத்துப் போட்டார். அப்புறம் பல வருடம், மாங்காய் விலை விழும்போதெல்லாம், ‘தோப்பை வைத்துக்கொண்டு பிழைக்கத் தெரியவில்லை’ என்று அவரைத்தான் ஊர் பேசியது. ரோட்டோர நிலத்தைப் பார்த்தவர்கள் சித்தப்பாவைக் கெட்டிக்காரர் என்றார்கள்.

வார்னர் 2025 ஜூனில் அறிவித்த திட்டத்தை எடுத்துப் படியுங்கள். ஸ்டுடியோவும் ஹெச்பிஓ மேக்ஸ் ஓடிடியும் ஒரு பக்கம். சிஎன்என், டிஸ்கவரி உள்ளிட்ட சேனல்கள் இன்னொரு பக்கம். அப்போது மொத்தக் கடன் சுமார் 3,800 கோடி டாலர். அதில் பெரும்பகுதி எந்தப் பக்கம் எழுதப்பட்டது? சேனல்கள் பக்கம். ஓடிடி பக்கத்தில் 20 சதவீதம் வரை பங்கு தருகிறோம், அதை விற்றுக் கடனை அடைத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு ஆறுதல். அந்தக் கடன் சேனல் நடத்துகிறவர்கள் ஊதாரித்தனம் செய்து வாங்கியதல்ல. 2022இல் டிஸ்கவரியும் வார்னர்மீடியாவும் சேர்ந்தபோது ஏறிய சுமை அது. அப்புறம் நெட்ஃபிளிக்ஸ், பாரமவுண்ட் என்று ஏலம் சூடானது தனிக் கதை. நெட்ஃபிளிக்ஸ் கேட்டதும் அந்த ஸ்டுடியோ, ஓடிடி பாகத்தைத்தான்.

காம்காஸ்ட் இந்த விஷயத்தில் கொஞ்சம் நாகரிகம். வெர்சன்ட் தலையில் கடனைப் பெரிதாக ஏற்றவில்லை. ஆனால் என்பிசி, பிராவோ சேனல்களைத் தன்னிடமே வைத்துக்கொண்டுதான் மற்றதை வெளியே அனுப்பியது. 2026 ஜனவரியில் தனியாக வர்த்தகமான முதல் நாளே வெர்சன்ட் பங்கு சுமார் 13 சதவீதம் விழுந்தது. இதைத்தான் ‘நல்லதுதானே’ என்று கேட்கிறீர்கள்.

டிஸ்னி விஷயத்தில் போர் போட்ட காசு யாருடையது என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2022இல் ஒரே காலாண்டில் ஓடிடி பக்கம் சுமார் 147 கோடி டாலர் நஷ்டம். அதைத் தாங்கியதில் சேனல்களுக்குப் பெரிய பங்கு உண்டு. போதாததற்கு ஓடிடிக்குப் பெயர் வாங்கித் தருவதும் அவர்களேதான். டிஸ்னியின் எஃப்எக்ஸ் சேனல்காரர்கள் எடுத்த ஒரு தொடர் 2024இல் 18 எம்மி விருதுகள் வாங்கியது. அதைப் பலர் பார்த்தது ஓடிடியில். சேனலைப் பிரித்தால் அந்த ஆட்களை எந்த ஷெட்யூலில் எழுதுவார்கள்?

2023இல் டிஸ்னியின் அப்போதைய தலைமை நிர்வாகி பாப் ஐகர் இந்தச் சேனல்கள் தங்கள் தொழிலின் மையம் இல்லாமல் போகலாம் என்று வாய்விட்டுச் சொன்னார். வாங்க ஆட்கள் கிளம்பியதும் பின்வாங்கிக்கொண்டார். காரணம் இஎஸ்பிஎன் என்றுதான் நினைக்கிறேன். கேபிள்காரர்களிடம் பேரம் பேசும்போது விளையாட்டைக் காட்டித்தான் மற்ற சேனல்களையும் தலையில் கட்டுகிறார்கள். நம் ஊர் சேனல் பேக்கும் அதே சூத்திரம்தான். இஎஸ்பிஎன்னை வைத்துக்கொண்டு ஏபிசியை மட்டும் அனுப்பினால் ஏபிசிக்கு பேரம் பேச வாய் இருக்காது. இஎஸ்பிஎன்னையும் சேர்த்து அனுப்பினால் டிஸ்னிக்குக் கை ஒடிந்துவிடும். அதனால் என் கட்சி, பிரிக்காமல் இருப்பதே மேல். பிரித்தே ஆக வேண்டும் என்றால் இஎஸ்பிஎன்னோடு அனுப்பட்டும், கடனை இரண்டு பக்கமும் சரிபாதியாக எழுதட்டும். செய்ய மாட்டார்கள்.

என்றைக்காவது அறிவிப்பு வந்தால் இந்த இரண்டை மட்டும் பாருங்கள். இஎஸ்பிஎன் எந்தப் பக்கம், கடன் எந்தப் பக்கம். மிச்சப் பக்கங்கள் வக்கீல்களுக்காக எழுதியவை. பங்கை வைத்திருக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அடுத்த வாரம் மண்டியில் மாங்காய் என்ன விலைக்குப் போகும் என்றே எனக்குச் சொல்லத் தெரியாது.