முதல் கூட்டத்திலேயே பேச வேண்டுமா?

வாசகர் கேள்வி – பதில்: குடிநோய்

கேள்வி: வயது 41. மருத்துவமனையில் பத்து நாள் இருந்துவிட்டு வந்தேன். குடியை விட்டு இன்றோடு 17 நாள். ‘ஏ.ஏ. கூட்டத்துக்குப் போங்க’ என்கிறார் டாக்டர். அங்கே என்ன செய்வார்கள்? எல்லார் முன்னாலும் நிற்கவைத்துப் பேசச் சொல்வார்களா? தெரிந்தவர் யாராவது பார்த்துவிட்டால்?
– பெயர் வேண்டாம், திருப்பூர்

பதில்: பேச வேண்டியதில்லை. உங்கள் முறை வரும்போது, “இன்னைக்குக் கேட்க மட்டும் வந்திருக்கேன்” என்றால் போதும். யாரும் வற்புறுத்த மாட்டார்கள்.

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்பதன் சுருக்கம்தான் ஏ.ஏ. 1935-ல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் ஒரு பங்குத் தரகரும் ஓர் அறுவைச் சிகிச்சை மருத்துவரும் தொடங்கியது. இருவருமே குடிநோயாளிகள். ஒருவரை ஒருவர் பார்த்துப் பேசியே குடிக்காமல் இருந்தார்கள். சேரக் கட்டணம் கிடையாது. குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் மட்டுமே தகுதி.

கூட்டம் ஒரு மணி நேரம் முதல் ஒன்றரை மணி நேரம் வரை நடக்கும். நடத்துபவர் முதலில் ஏ.ஏ. பற்றிய அறிமுகத்தை வாசிப்பார். பிறகு ஒவ்வொருவராக, “என் பெயர் இன்னது, நான் ஒரு குடிநோயாளி” என்று சொல்லித் தம் அனுபவத்தைப் பகிர்வார்கள். ஒருவர் பேசும்போது குறுக்கே யாரும் பேசுவதில்லை, முடித்ததும் புத்தி சொல்வதும் இல்லை. செலவுக்காக ஒரு பை சுற்றி வரும். புதியவர் காசு போடாமல் அடுத்தவரிடம் தரலாம். கடைசியில் ஒரு சிறு பிரார்த்தனை.

வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில்தான் உங்கள் கால் கடைக்குத் திரும்பியிருக்கும். கூட்டங்கள் பெரும்பாலும் அந்த மாலை நேரத்தில்தான் நடக்கின்றன, அது உங்களுக்கு நல்லது. ஆனால் வெறும் வயிற்றோடு போகாதீர்கள். பசியும் குடி வேட்கையும் உடம்புக்கு ஒன்று போலவே தெரியும். நான்கு இட்லியாவது சாப்பிட்டுவிட்டு, டாஸ்மாக் இல்லாத தெரு வழியாக, பத்து நிமிடம் முன்னதாகவே போய்விடுங்கள். நடத்துபவரிடம் ‘முதல் தடவை’ என்று மட்டும் சொல்லுங்கள்.

வாசல் பக்க நாற்காலியில் உட்காராதீர்கள். பிரார்த்தனை முடிந்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறவர் முதல் கூட்டத்தின் முக்கியமான பகுதியைத் தவறவிடுகிறார். கூட்டம் முடிந்து டீ குடிக்கிற அந்தப் பத்து நிமிடத்தில் மூன்று பேரின் போன் நம்பரை வாங்குங்கள். ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண் என்பது நல்ல வழக்கம். மறுநாள் சும்மாவாவது ஒருவரைக் கூப்பிட்டுப் பேசுங்கள். பழகாத நம்பரை ஆபத்து நேரத்தில் கை அழுத்தாது. குடித்த பிறகு கூப்பிடுவதைவிடக் குடிக்கும் முன் கூப்பிடுவதற்குத்தான் அந்த நம்பர்.

தெரிந்தவர் அங்கே இருந்தால் அவரும் அதே காரணத்துக்குத்தான் வந்திருப்பார். இருந்தும் கூச்சமாக இருந்தால் பக்கத்து ஊர்க் குழுவுக்குப் போகலாம். முதல் நாளே வாழ்க்கைக் கதை முழுவதையும் கொட்டிவிடாதீர்கள். கொட்டியபின் வருகிற வெட்கத்தாலேயே மறுவாரம் வராமல் போகிறவர்கள் உண்டு. பணம் கடனாகக் கொடுப்பதும் வாங்குவதும் கூடாது. டாக்டர் தந்த மாத்திரையை அங்கே யார் சொன்னாலும் நிறுத்தக் கூடாது. மருந்து விஷயம் டாக்டருடையது.

கேள்வி: என் கணவர் தினமும் இரண்டு குவார்ட்டர் குடிப்பவர். இன்று காலையில் இருந்து தொடவில்லை. கை நடுங்குகிறது, வியர்க்கிறது. மனம் மாறுவதற்குள் இன்று மாலைக் கூட்டத்துக்கு அழைத்துப் போகலாமா?
– ஒரு வாசகி, விருதுநகர்

பதில்: முதலில் மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள், கூட்டம் அப்புறம். தினமும் அதிகம் குடித்தவர் திடீரென நிறுத்தினால் ஆறு மணி நேரத்திலேயே நடுக்கம் தொடங்கலாம். முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டாம் நாள் முதல் நான்காம் நாள் வரை ஆள் அடையாளம் தெரியாமல் பிதற்றுவது, இல்லாத பூச்சியைக் கையால் தட்டுவது போன்ற நிலை வரலாம். இது உயிரைப் பறிக்கக் கூடியது. வலிப்போ பிதற்றலோ வந்தால் உடனே 108-ஐ அழையுங்கள்.

இன்னொன்று. ‘ஒரு குளுக்கோஸ் ஏத்தினா சரியாயிடும்’ என்று தெருமுனை கிளினிக்குக்குக் கூட்டிப்போவது நம் ஊர் வழக்கம். நாள்பட்டுக் குடிப்பவர் உடம்பில் பி-1 வைட்டமின், அதாவது தயமின், வற்றிப்போயிருக்கும். தயமின் தராமல் குளுக்கோஸ் மட்டும் ஏறினால் மூளை பாதிக்கப்படலாம். ஆகவே எந்த மருத்துவரிடம் போனாலும், எவ்வளவு குடிப்பார், கடைசியாக எப்போது குடித்தார் என்பதை முதல் வாக்கியமாகவே சொல்லுங்கள். மானத்துக்குப் பயந்து மறைக்காதீர்கள். மருந்துக் கடையில் தூக்க மாத்திரை கேட்டு வாங்கிக் கொடுப்பதும் ஆபத்து. அதன்மேல் அவர் குடித்துவிட்டால் மூச்சே அடங்கிப்போகலாம்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநல மருத்துவப் பிரிவு இருக்கிறது. எங்கே போவது என்று தெரியாவிட்டால் போதை மீட்புக்கான 14446 அல்லது மனநலத்துக்கான 14416 எண்ணைக் கூப்பிடுங்கள். நடுக்கம் அடங்கி, தெளிவாகப் பேச ஆரம்பித்தபின் கூட்டத்துக்குப் போகலாம்.

கேள்வி: கூட்டம் சர்ச் வளாகத்தில் நடக்கிறதாம். மதம் மாற்றுவார்களா?
– கே.எம்., திண்டுக்கல்

பதில்: இல்லை. குறைந்த வாடகைக்கு அறை கிடைக்கிற இடம் என்பதால் சர்ச், பள்ளிக்கூடம் போன்ற இடங்களில் கூடுகிறார்கள். ஏ.ஏ. எந்த மதத்தையும் சார்ந்ததல்ல. கடவுளைப் பற்றிய பேச்சு வரும்; ஆனால் ‘நாம் புரிந்துகொண்டபடியான கடவுள்’ என்றுதான் குடியிலிருந்து மீள அது வகுத்திருக்கும் 12 படிகளில் இருக்கிறது. நம்பிக்கை இல்லாதவர்கள் அந்தக் குழுவையே தமக்கு மேலான சக்தியாக எடுத்துக்கொள்கிறார்கள்.

கேள்வி: ஒரு கூட்டம் போனேன். மற்றவர்கள் சொன்னதைக் கேட்டதும் ‘நான் இவ்வளவு மோசமில்லை’ என்று தோன்றியது. வெளியே வந்ததும் குடிக்கும் ஆசைதான் கூடியது. பேசிப் பேசியே குடி போகுமா?
– ஆர்., சேலம்

பதில்: போதையைப் பற்றிக் கேட்டால் ஆசை கிளறுவது இயல்பு. அந்த வேகம் பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தணிந்துவிடும். அந்த அரை மணி நேரம் தனியாக இருக்காதீர்கள். அதற்குத்தான் டீயும் போன் நம்பரும்.

அவர் எவ்வளவு குடித்தார், நான் எவ்வளவு குடித்தேன் என்று கணக்குப் பார்த்தால் எப்போதுமே நம்மைவிட மோசமானவர் கிடைப்பார். ‘ஒண்ணோடு நிறுத்திடலாம்னு ஆரம்பிச்சு நிறுத்த முடியலை’ என்று ஒருவர் சொன்னால், அது உங்களுக்கும் நடந்ததா என்று மட்டும் பாருங்கள். ஒரு குழு ஒட்டவில்லை என்றால் வேறு குழு பாருங்கள். குறைந்தது ஆறு கூட்டமாவது போகாமல் முடிவு கட்ட வேண்டாம். 2020-ல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 10,565 பேரை உள்ளடக்கிய 27 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. ஏ.ஏ.-யில் முறையாகச் சேர்த்துவிடும் சிகிச்சை பெற்றவர்கள், வேறு சிகிச்சைகள் பெற்றவர்களைவிடக் கூடுதலாக, தொடர்ந்து குடிக்காமல் இருந்தார்கள் என்று தெரிந்தது.

கேள்வி: நானும் அவருடன் உட்காரலாமா? அவருக்குத் தெரியாமல் குழம்பில் மாத்திரை கலக்கச் சொல்கிறார்கள். செய்யலாமா?
– ஒரு மனைவி, தஞ்சாவூர்

பதில்: கலக்காதீர்கள். அப்படிக் கலக்கச் சொல்வது பெரும்பாலும் குடியை நிறுத்தத் தரப்படும் டைசல்பிராம் என்ற மருந்தை. அதைச் சாப்பிட்டவர் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் விழுந்து உயிரே போகலாம். நிறுத்தி இரண்டு வாரம் வரைகூட அதன் விளைவு இருக்கும். இருமல் மருந்திலும் அரிஷ்டத்திலும் உள்ள ஆல்கஹாலே போதும். அவர் சம்மதத்தோடு, டாக்டர் கண்காணிப்பில் மட்டுமே தர வேண்டிய மருந்து அது.

திறந்த கூட்டம் என்றால் நீங்களும் உட்காரலாம். மூடிய கூட்டம் குடிநோயாளிகளுக்கு மட்டும். குடும்பத்தினருக்கென்று அல்-அனான் என்ற தனி அமைப்பு இருக்கிறது. அவர் வந்தாலும் வராவிட்டாலும் நீங்கள் அதற்குப் போகலாம். முதல் கூட்டம் முடிந்து அவர் வீடு திரும்பும் இரவில் சாப்பாடு தயாராக இருக்கட்டும். ‘யார் வந்தாங்க, என்ன பேசினாங்க’ என்று கேட்காதீர்கள். அங்கே கேட்டதை வெளியே சொல்லக் கூடாது என்று அவருக்குச் சொல்லியிருப்பார்கள். அடுத்த கூட்டம் எந்தக் கிழமை என்று மட்டும் கேளுங்கள்.