மெஷ்ஷை விடுங்கள், அந்தக் கறையைக் கவனியுங்கள்

கேள்வி: வயது 56. மாதவிலக்கு நின்று 6 வருடமாகிறது. இருமினால் சிறுநீர் கசிந்ததால், 3 வருடங்களுக்கு முன் புதுச்சேரியில் மெஷ் (செயற்கை வலை) வைத்து ஆபரேஷன் செய்தார்கள். கசிவு நின்றுவிட்டது. அதை வெளிநாட்டில் தடை செய்துவிட்டதாக மகள் வீடியோ அனுப்பினாள். முட்டிவலி, முடி கொட்டுவது, வாயு எல்லாம் அதனால்தானா? எடுத்துவிடலாமா? 2 மாதமாக லேசாக இரத்தக்கறை படுகிறது. மெடிக்கலில் மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறேன்.
- வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: முதலில் சொல்ல வேண்டியதைக் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள் அம்மா. மாதவிலக்கு நின்றபின் ஒரு சொட்டு இரத்தம் பட்டாலும் டாக்டர் பார்த்தே ஆக வேண்டும். அதை மாத்திரை போட்டு நிறுத்துவது, வீட்டில் புகை வரும்போது ஜன்னலைச் சாத்துவது மாதிரி. இன்றோடு விட்டுவிடுங்கள்.

கறைக்குக் காரணம் உங்களுக்கு வைத்த மெஷ் நாடாவாகவும் இருக்கலாம், கர்ப்பப்பையாகவும் இருக்கலாம். இந்த வயதில் ஹார்மோன் குறைந்து பிறப்புறுப்பின் தோல் மெலியும். சிலருக்கு நாடாவின் ஓரம் அதன் வழியே வெளியே தெரியும். கறை, துர்நாற்றத்தோடு வெள்ளைப்படுதல், உறவின்போது கணவருக்குக் குத்துவது, இதெல்லாம் அதன் அடையாளம். சிறிய அளவென்றால் ஹார்மோன் களிம்பே போதலாம். இல்லையென்றால் வெளியே தெரியும் துண்டை மட்டும் வெட்டித் தைப்பார்கள். ஆனால் களிம்பையும் நீங்களாக வாங்கிவிடாதீர்கள். கர்ப்பப்பையின் உள்சுவரில் புற்றுநோய் இல்லையென்று ஸ்கேனிலும், தேவைப்பட்டால் சதைப் பரிசோதனையிலும் உறுதியான பிறகுதான் அது.

வீடியோ விஷயம் பாதி உண்மை. அமெரிக்காவில் 2019-ல் விற்பனையை நிறுத்தச் சொன்னது, இறங்கிய உறுப்புகளைத் தாங்க பிறப்புறுப்பு வழியாக வைக்கும் பெரிய வலையை. உங்களுக்கு வைத்திருப்பது அநேகமாகச் சிறுநீர்க்குழாய்க்கு அடியில் போடும், சுமார் 1 செ.மீ. அகலமுள்ள பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் நாடா. குடலிறக்க ஆபரேஷனிலும் இதே பொருளில் வலை வைக்கிறார்கள். இங்கிலாந்தில் 2018-ல் நாடாவையும் நிறுத்தி வைத்தார்கள், சரி. ஆனால் அது புதிதாக வைப்பதைத்தான். வைத்துக்கொண்டவர்கள் எல்லோரும் எடுத்துவிட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. நாடாவின் வலைக்கண்களுக்குள் சதை வளர்ந்து பிணைந்திருக்கும்; எடுப்பது வைத்ததைவிடப் பெரிய ஆபரேஷன், கசிவும் திரும்பலாம். வயிற்றுச்சுவரின் சொந்தத் திசுவை எடுத்து வைக்கும் முறையும் உண்டு, ஆனால் நன்றாக இருக்கிற நாடாவைப் பிடுங்கிவிட்டு அதை வைக்கத் தேவையில்லை.

முட்டிவலி, முடி, வாயு மூன்றையும் நாடாவின் தலையில் கட்டாதீர்கள்.

இந்த வாரமே மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள், ஜிப்மரோ கடலூர் அரசு மருத்துவமனையோ எது வசதியோ அங்கே. பழைய டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் போங்கள், என்ன வைத்தார்கள் என்பது அதில்தான் இருக்கும். அப்புறம், அந்த மாத்திரை அட்டையையும்.